மழைக்காலக் கிழக்கு ஆப்பிரிக்காவில் சைக்கிளும் உடம்பும் மக்கர் செய்தால்

மார்ச் கடைசியில் உகாண்டாவின் கம்பாலாவில் சைக்கிளில் கிளம்பினேன். மசாகா, கபாலே, கிசோரோ வழியாக ருவாண்டாவுக்குள் இறங்கி, கீவு ஏரிக்கரையோடு தெற்கே போய், தான்சானியாவின் கிகோமாவில் பயணத்தை முடித்தேன். மார்ச் முதல் மே வரை அங்கே நீண்ட மழைக்காலம், சுவாஹிலியில் 'மசிக்கா'. அக்டோபர் முதல் டிசம்பர் வரை 'வூலி' என்ற குறுமழை. எதில் போனாலும் வண்டிக்கு வரும் கோளாறுகளுக்குக் காரணம் ஒன்றுதான்: தண்ணீரும் மண்ணும் போகக் கூடாத இடத்துக்குள் போய்விடுகின்றன.

என்ன நடக்கிறது என்பதை வைத்துப் பிரித்திருக்கிறேன். உங்களுக்கு வந்திருக்கும் தொல்லையை மட்டும் தேடிப் படித்தால் போதும். ஆனால் எந்தக் கோளாறானாலும் முதல் வேலை ஒன்றே. எங்கேயோ பிடிப்பது போலக் காலுக்குத் தெரிந்தால், அழுத்தி மிதிக்காதீர்கள். இறங்குங்கள், கழுவுங்கள், அப்புறம் பாருங்கள். அழுத்தி மிதித்த ஒரே மிதியில், பின்னால் தொங்கிச் செயினைக் கியர் மாற்றும் டீரெய்லர் பிய்ந்து போக்கம்பிக்குள் போய்விடும்.

சக்கரம் சுற்றவே மறுக்கிறது

முதலில் காலடி மண்ணைப் பாருங்கள். சிவப்பா, கருப்பா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

சிவப்பு என்றால் அது முரம். கிழக்கு ஆப்பிரிக்காவின் கிராமச் சாலைகள் பெரும்பாலும் இந்த இரும்புச்சத்து மிகுந்த சரளை மண்ணைக் கொட்டி இறுக்கியவை. பெயர் நம் 'முரம்பு' போலவே காதில் விழும், பொருளும் கிட்டத்தட்ட அதுவே. நனைந்தால் மேல்பரப்பு சோப்பு போல வழுக்கும், ஆனால் அடியில் கெட்டியாக இருக்கும். மழை விட்டு இரண்டு மூன்று மணி நேரம் நல்ல வெயில் அடித்தால் பெரும்பாலும் ஓட்டலாம். டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, லாரி போன தடத்தை விட்டு விலகி, ஓரத்துப் புல்லை ஒட்டி மெதுவாகப் போங்கள். சாலையின் நடு மேடாகவும் ஓரம் சரிவாகவும் இருக்கும் இடத்தில் மட்டும் ஓரம் வேண்டாம், சக்கரம் வாய்க்காலுக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும்.

கருப்பு என்றால் அது நம் கரிசல். கோவில்பட்டிப் பக்கம் மழை நாளில் காட்டுக்குள் நடந்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. நைரோபிக்குத் தெற்கே ஆத்திச் சமவெளியிலும், தான்சானியாவின் கட்டாவிச் சமவெளியிலும் இதே மண்தான். அதிலுள்ள களிமண் தண்ணீரை உறிஞ்சி உப்பும். சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு அடுக்கு ஏறும். கொஞ்ச தூரத்துக்குள் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே அடைத்து, பிரேக்கில் அடைத்து, வண்டி அப்படியே நின்றுவிடும்.

அப்போது செய்ய வேண்டியது இது. தள்ள வேண்டாம், தள்ளத் தள்ள இன்னும் ஏறும். பைகளைக் கழற்றிவிட்டு வண்டியைத் தூக்கிப் புல்லில் வையுங்கள். ஒரு தட்டையான குச்சியால் முதலில் டீரெய்லரின் இரண்டு சின்னப் பல்சக்கரங்களைச் சுற்றி உள்ள மண்ணை எடுங்கள், அடுத்து பிரேக், கடைசியாக மட்கார்டு. இந்த வரிசை முக்கியம். எல்லோரும் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் மட்கார்டில் ஆரம்பிப்பார்கள். ஆனால் உடையக்கூடியது டீரெய்லர்தான். கரிசல் தொடர்கிறது என்று தெரிந்தால் மட்கார்டைக் கழற்றிப் பைமேல் கட்டிவிடுங்கள். முதுகு முழுக்கச் சேறாகும், பரவாயில்லை.

அதற்கு மேலும் வண்டி உருளவில்லை என்றால் அன்றைக்கு ஓட்டம் முடிந்தது என்று ஏற்றுக்கொள்ளுங்கள். செம்மண் மணிக்கணக்கில் காயும், கரிசல் காய நாள்கணக்கில் ஆகும். இதை நான் கற்றுக்கொள்ள ஒரு முழுப் பகல் ஆனது. ஆறு மணி நேரம் தூக்கியும் இழுத்தும் நான்கு கிலோமீட்டர்தான் போனேன். மறுநாள் அந்தப் பக்கம் வந்த லாரி ஏற்றிக்கொண்டது. முதல் நாளே கேட்டிருக்கலாம்.

கிளம்புமுன் கேட்கவும் பழகிக்கொள்ளுங்கள். 'போடா போடா' எனப்படும் வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களுக்குத்தான் சாலையின் இன்றைய நிலை தெரியும். கென்யாவிலும் தான்சானியாவிலும் "பராபரா இனா மடோப்பே?" என்றால் போதும், சாலையில் சேறு இருக்கிறதா என்று பொருள். உகாண்டாவில் ஆங்கிலம் இன்னும் எளிது. அவர்களே போகத் தயங்கும் சாலைக்குள் நீங்கள் போகாதீர்கள்.

செயின் கரகரக்கிறது, அல்லது குதிக்கிறது

கரகரப்பு மட்டும் என்றால் மணல். தண்ணீர் பாட்டிலும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதும். கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய். பத்து நிமிடம் விட்டு வெளியே வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். வெளியே நிற்கும் எண்ணெய் மணலைப் பிடித்து வைக்கும், அது உப்புத்தாள் போலத் தேய்க்கும். சைக்கிள் எண்ணெய் தீர்ந்துவிட்டால் மோட்டார் சைக்கிள் கடையில் கிடைக்கும் எஞ்சின் ஆயில் மழைக்கு நன்றாகவே தாங்கும். மழை நாளில் இது தினமும் செய்ய வேண்டிய வேலை. சாப்பாட்டுக்கு முன் செய்துவிட்டால் மறக்காது.

குதிக்கிறது என்றால் எப்போது குதிக்கிறது என்று கவனியுங்கள். ஒரே இடைவெளி விட்டுக் குதித்தால் ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. செயினைப் பின்னோக்கிச் சுற்றி, மடங்காத கண்ணியைக் கண்டுபிடித்து, இரண்டு கையாலும் பக்கவாட்டில் வளைத்து விடுங்கள். ஏற்றத்தில் அழுத்தும்போது மட்டும் குதித்தால் செயின் நீண்டுவிட்டது. இதற்கு ஒரு சாதாரண ஸ்கேல் போதும். ஒரு பின்னின் நடுவிலிருந்து, அதைச் சேர்க்காமல் எண்ணி, இருபத்து நான்காவது பின்னின் நடு வரை புதுச் செயினில் 304.8 மில்லிமீட்டர் இருக்கும். 306.3 வந்தால் மாற்றும் நேரம். 308 ஆகிவிட்டால் பின் பல்சக்கரமும் சேர்ந்து போயிருக்கும், புதுச் செயின் போட்டாலும் குதிக்கும். கையில் ஒரு மாற்றுச் செயின் இருக்கட்டும். சிற்றூரில் கிடைப்பது கியர் இல்லாத பெரிய சைக்கிளின் தடித்த செயின்தான், அது நம் கியர் பல்சக்கரத்தில் உட்காராது.

பிரேக் பிடித்தும் நிற்கவில்லை

ருவாண்டாவில் ஏறுவது பெரிய விஷயமில்லை, இறங்குவதுதான். இதை அவசரமாகப் படிக்காதீர்கள்.

ரிம் பிரேக் என்றால், ஈர ரிம்மில் முதல் ஒன்றிரண்டு சுற்று தண்ணீரைத் துடைப்பதற்கே போய்விடும். அது கோளாறு அல்ல, முன்கூட்டியே லேசாகப் பிடித்து ரிம்மை உலர்த்திக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் 'கர்ர்' என்ற சத்தம் வந்தால் நிறுத்துங்கள். பிரேக் கட்டையில் மணலோ அலுமினியத் துணுக்கோ பதிந்திருக்கும். கத்தி முனையால் தோண்டி எடுத்து, கட்டையை உப்புத்தாளில் தேயுங்கள். அப்படியே ரிம்மின் பக்கச் சுவரில் ஸ்கேலை நிறுத்திப் பாருங்கள். நடுவில் குழி விழுந்து வெளிச்சம் தெரிந்தால் ரிம் மெலிந்துவிட்டது. பல ரிம்களில் தேய்மானம் காட்ட ஒரு மெல்லிய கோடு இருக்கும், அது மறைந்திருந்தாலும் அதே பொருள்தான். அதோடு இறக்கத்தில் போகவே போகாதீர்கள். காற்றழுத்தத்தில் ரிம் பிளந்துவிடும்.

டிஸ்க் பிரேக்கில் பேட் எந்த வகை என்று கிளம்புமுன்னே தெரிந்துகொள்ளுங்கள். ரெசின் வகை சத்தமில்லாமல் பிடிக்கும், ஆனால் சேற்றுத் தண்ணீரில் சீக்கிரம் கரைந்துபோகும். உலோகத்தூள் சேர்த்து இறுக்கிய வகை கத்தும், ஆனால் தாங்கும். மழைக்கு நான் இரண்டாவதைத்தான் போடச் சொல்வேன். கூடவே இரண்டு ஜோடி கையில் இருக்கட்டும். கேபிள் டிஸ்க்கில் லீவர் ஹேண்டில் வரை வந்துவிட்டால், பேட்டை உள்ளே தள்ளும் திருகை ஒவ்வொரு 'கிளிக்'காகத் திருப்பிப் பாருங்கள். ஹைட்ராலிக்கில் பேட் தேயத் தேய அதுவே சரிசெய்துகொள்ளும், அதனால் தேய்ந்ததே தெரியாது. தினமும் வெளிச்சத்தில் குனிந்து பாருங்கள். பேட்டின் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்றுங்கள்.

இரண்டும் சரியாக இருந்து லீவர் மட்டும் கனமாக இருந்தால் கேபிள் உறைக்குள் தண்ணீர். கேபிளைக் கழற்றித் துடைத்து, எண்ணெய் தடவிப் போடுங்கள்.

மிதித்தால் பெடல் சும்மா சுற்றுகிறது

செயின் ஓடுகிறது, பல்சக்கரமும் சுற்றுகிறது, வண்டி மட்டும் நகரவில்லை. பின் ஹப்புக்குள் ஸ்பிரிங்கில் நிற்கும் சின்னக் கொக்கிகள் சேற்றில் ஒட்டிக்கொண்டுவிட்டன. சக்கரத்தைக் கழற்றிப் படுக்கப் போட்டு, பல்சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவே உள்ள இடுக்கில் மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றிப் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே இருங்கள். அழுக்கு கறுப்பாக வழியும். 'டிக் டிக்' சத்தம் திரும்பிவிட்டால் மெல்லிய எண்ணெய் சில சொட்டு விடுங்கள். கிரீஸ் வேண்டாம், கொக்கிகள் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

அதற்கும் மசியவில்லை என்றால் பெரிய பல்சக்கரத்தைப் போக்கம்பிகளோடு ஐந்தாறு இடத்தில் பிளாஸ்டிக் டையால் இறுக்கிக் கட்டுங்கள். வண்டி நகரும். ஆனால் இனி பெடலை நிறுத்த முடியாது, நிறுத்தினால் செயின் டீரெய்லரை இழுத்துவிடும். அதனால் இறக்கத்தில் நடந்துதான் போக வேண்டும். அடுத்த ஊர் வரைக்கும் இது போதும்.

கியர் மாறவில்லை

பெரும்பாலும் கேபிள் உறையில் சேறுதான், பிரேக் கேபிளுக்குச் சொன்னதையே செய்யுங்கள். ஆனால் வண்டி ஒருமுறை வலப்பக்கமாக விழுந்த பிறகு, சின்னப் பல்சக்கரங்களில் சரியாகவும் பெரியதில் கம்பியை உரசியும் ஓடினால், டீரெய்லர் தொங்கும் பிடி வளைந்திருக்கிறது. பெரிய கியருக்கே போகாமல் ஓட்டி, தங்கும் இடத்தில் மாற்றுப் பிடியைப் போடுங்கள். ஒவ்வொரு பிரேமுக்கும் இந்தப் பிடி வேறு என்பதால் வழியில் வாங்க முடியாது. ஊரிலேயே இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பஞ்சர் ஒட்டு நிற்கவில்லை

ரப்பர் ஈரமாக இருக்கும்போது சொல்யூஷன் பிடிக்காது, அவ்வளவுதான் விஷயம். மழையில் ஒட்ட முயலாதீர்கள். மாற்று டியூபைப் போட்டுக்கொண்டு, கிழிந்ததை இரவு கூரைக்குக் கீழே ஒட்டுங்கள். மாற்றும் இல்லை என்றால் டியூபைத் துடைத்துச் சட்டைக்குள் உடம்போடு வைத்து உலர்த்துங்கள். உப்புத்தாளில் தேய்த்து, சொல்யூஷன் தடவி, பளபளப்பு போய் விரலில் ஒட்டாத நிலை வரும் வரை காத்திருங்கள். நம் ஊர் வெயிலில் ஐந்து நிமிடத்தில் வருவது அந்த ஈரக்காற்றில் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒட்டு கழன்றுவிட்டது என்று சொல்கிறவர்களில் பலரும் இங்கேதான் அவசரப்பட்டிருப்பார்கள். நனைந்த ரப்பரைக் கண்ணாடியும் கல்லும் எளிதாக அறுக்கும் என்பதால், டயரின் உட்புறத்தைத் துணியால் தடவிப் பார்த்துவிட்டே மாட்டுங்கள்.

வால்வு பற்றி ஒரு சொல். அங்கே சைக்கிளுக்கு நம் பழைய சைக்கிளின் வால்வும், மோட்டார் சைக்கிளுக்கு அதன் வால்வும்தான் தெரியும். மெல்லிய பிரெஸ்டா வால்வு உள்ளவர்கள் பித்தளை அடாப்டர் இரண்டு வைத்திருங்கள்.

டயரே கிழிந்துவிட்டதா? பக்கவாட்டில் அச்சிட்ட எண்ணைப் பாருங்கள். 559 என்றால் அது 26 இஞ்ச் மலைச் சைக்கிள் டயர், சந்தையுள்ள ஊரில் சுமாரான ஒன்று கிடைத்துவிடும். 622 என்றால் பெரிய நகரம் வரை காத்திருக்க வேண்டும். கடைக்காரர் 28 இஞ்ச் என்று நீட்டும் டயர் 635, பெரிய சைக்கிளுக்கானது. பார்த்தால் ஒன்று போலவே இருக்கும், ஆனால் 622 ரிம்மில் நிற்காது. தற்காலிகமாக, கிழிசலின் உள்ளே பழைய டயர்த் துண்டை வைத்துக் காற்றைக் குறைத்து ஓட்டலாம்.

மரத்தடி மெக்கானிக்கை அங்கே 'ஃபுண்டி' என்பார்கள். தயங்காமல் போங்கள். கென்யாவில் 'பிளாக் மாம்பா' என்று பட்டப்பெயர் வைத்திருக்கும் அந்தக் கனமான பெரிய சைக்கிள்களில் இந்தியாவில் செய்தவையும் நிறைய. கோன், குண்டு, போக்கம்பி எல்லாம் நம் ஊர்க் கடையில் பார்த்தவையே. கம்பி அறுந்து சக்கரம் ஆடினால் அவர்கள் பெண்டு எடுக்கும் நேர்த்தியைப் பார்க்க வேண்டும். நான் கைவிட்ட சக்கரத்தை ஒரு முதியவர் பிரேமில் மாட்டியபடியே, கட்டைவிரல் நகத்தை அளவாக வைத்து நேராக்கினார். உங்கள் அளவுக் கம்பியை மட்டும் நீங்கள் கொண்டுபோங்கள்.

காய்ச்சல் அடிக்கிறது

இதில் காத்திருப்பது வைத்தியம் அல்ல. மழையில் நனைந்த காய்ச்சல் என்று நினைத்து மாத்திரை போட்டு ஓட்டாதீர்கள். மலேரியா உள்ள பகுதியில் எந்தக் காய்ச்சலையும் மலேரியா என்றே எடுத்துக்கொண்டு, 24 மணி நேரத்துக்குள் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். சிறிய சுகாதார நிலையத்திலும் விரலில் குத்திப் பார்க்கும் துரிதச் சோதனை பெரும்பாலும் உண்டு. முதல் சோதனையில் இல்லை என்று வந்து காய்ச்சல் தொடர்ந்தால் மறுநாள் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். ஆர்ட்டிமெதர்-லூமிபேன்ட்ரின் கொடுத்தால் மூன்று நாளில் ஆறு வேளை, கொழுப்புள்ள உணவோடு. இரண்டாம் நாள் தெம்பு வந்துவிட்டது என்று நிறுத்தக் கூடாது. குழப்பமான பேச்சு, ஓயாத வாந்தி, கறுத்த சிறுநீர், மூச்சிரைப்பு, கண் மஞ்சள், இவற்றில் எது இருந்தாலும் கிராம நிலையம் போதாது. வண்டி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

தடுப்பு மாத்திரையாக டாக்சிசைக்ளின் எடுப்பவர்கள் திரும்பிய பிறகும் நான்கு வாரம் தொடர வேண்டும். ஊர் வந்து சில வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தால் நாம் டெங்கு என்றுதான் நினைப்போம். டாக்டர் கேட்காவிட்டாலும் ஆப்பிரிக்கா போய் வந்ததைச் சொல்லிவிடுங்கள்.

கட்டி, உள்ளே ஏதோ அசைகிறது

மாம்பழ ஈ. உலரப்போட்ட ஈரத் துணியில் முட்டையிடும், புழு பொரிந்து தோலுக்குள் நுழையும். கொப்புளம் போல வந்து, நடுவில் ஒரு துளை தெரியும். துளையின் மேல் வாசலினைத் தடிமனாகப் பூசுங்கள். மூச்சு முட்டிப் புழு மேலே வரும்போது இரண்டு பக்கமும் மெதுவாக அழுத்தி முழுதாக வெளியே எடுங்கள். உள்ளே நசுங்கினால் சீழ் பிடிக்கும். அப்புறம் கிருமிநாசினி. இனி வராமல் இருக்கத் துணியை உட்புறம், தையல் விளிம்பு உட்பட இஸ்திரி போடுங்கள். அங்கே விடுதிகளில் கரி இஸ்திரிப் பெட்டி கேட்டால் கிடைக்கும். மழையில் எதுவும் காயாது, ஆனாலும் புல்லில் மட்டும் துணியை விரிக்காதீர்கள்.

கால் வெளுத்துச் சுருங்கி எரிகிறது

நாள் முழுக்க ஈரக் காலுறையில் இருந்ததால். ஓட்டும்போது நனையாமல் இருக்க வழியே இல்லை, அதனால் இரவைக் காப்பாற்றுங்கள். தூங்க மட்டும் ஒரு ஜோடி உலர்ந்த காலுறை, பிளாஸ்டிக் பையில் கட்டி. காலையில் ஆசைப்பட்டு அதைப் போட்டுக்கொள்ளாதீர்கள், ஈரத்தையே மாட்டுங்கள். தொடை இடுக்கில் சிவந்து அரித்தால் க்ளோட்ரிமசோல் தடவுங்கள்.

வயிற்றுப்போக்கு

மழை வெள்ளம் கழிப்பறையையும் கிணற்றையும் கலக்கிவிடும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலை தட்டி. ஒவ்வொரு முறை போன பிறகும் குடியுங்கள். கஞ்சித் தண்ணீர் போல ஓயாமல் போனால் காலராவாக இருக்கலாம், உடனே மருத்துவமனை.

இரவில் கூடாரத்துக்குள் எறும்பு

சியாஃபு. மழைக்காலத்தில் சாரைசாரையாக இடம் பெயரும் படையெறும்பு. அடித்து நசுக்கிப் பயனில்லை. வெளியே வந்து, கூடாரத்தை அவற்றின் பாதையிலிருந்து பல மீட்டர் தள்ளி வையுங்கள். சில மணி நேரத்தில் கடந்து போய்விடும். கூடாரம் போடுமுன் டார்ச் அடித்து நிலத்தைப் பார்ப்பது இதற்காகத்தான்.

சாலை இல்லை

மண்சரிவு என்றால் அதன்மேல் ஏறிக் கடக்காதீர்கள், ஒருமுறை சரிந்த சரிவு மறுபடி சரியும். 2023 மே தொடக்கத்தில் ஒரே இரவு மழையில் ருவாண்டாவின் மேற்கு, வடக்கு, தெற்குப் பகுதிகளில் வெள்ளத்திலும் சரிவிலும் 130 பேருக்கு மேல் இறந்தார்கள். ருபாவுவிலிருந்து ருசிசி வரை 227 கிலோமீட்டர் போகும் காங்கோ நைல் தடம் அந்த மேற்கு மலைகளில்தான் இருக்கிறது. மிக அழகான மண்பாதை, ஆனால் ஏப்ரலில் அதற்கு இணையாகப் போகும் தார்ச்சாலையில் போங்கள். நான் பாதியில் தார்ச்சாலைக்கு மாறினேன், ஏரி அங்கிருந்தும் தெரிந்தது.

ஆறு பாலத்தின்மேல் ஓடுகிறது என்றால், கரையில் ஒரு குச்சியைத் தண்ணீர் விளிம்பில் நட்டுவிட்டு உட்காருங்கள். அரை மணியில் குச்சி முழுகினால் மேலே இன்னும் மழை. விளிம்பு விலகினால் வெள்ளம் வடிகிறது. அங்கே நிலப்பகுதியில் மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வலுக்கும், அதனால் மாலை கடக்க முடியாத ஓடையை மறுநாள் காலை கடந்துவிடலாம். முழங்காலுக்கு மேல் ஓடும் தண்ணீரில் இறங்காதீர்கள். அதற்குக் கீழே என்றால் முதலில் வெறுங்கையோடு, நீண்ட கம்பால் தரையைத் தட்டிப் பார்த்தபடி ஒருமுறை கடந்து வாருங்கள். முதலை உண்டா என்று ஊர்க்காரரிடம் கேட்காமல் அதையும் செய்யாதீர்கள். பைகளைத் தனித்தனியாகக் கொண்டுபோங்கள். கடைசியில் வண்டி. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் வண்டி இருக்கட்டும், மேல்பக்கம் வைத்தால் வெள்ளம் அதை உங்கள் மேல் சாய்த்துவிடும். அக்கரை சேர்ந்ததும் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, சீட் கம்பத்தை உருவி, பிரேமுக்குள் புகுந்த தண்ணீரை வடியவிடுங்கள். இல்லையென்றால் அது இறங்கிக் கிராங்க் பேரிங்கில் தேங்கி, பத்து நாளில் பெடல் ஆட ஆரம்பிக்கும்.